நஸார் நானா இறக்கிய பால்

மஸ்கெலியா கடைத்தெருவில் நஸார் நானாவுக்கு எரிந்துபோன மோட்டர்களுக்குக் கம்பி சுற்றுவதுதான் தொழில். தண்ணீர்ப் பம்பு, கிரைண்டர் என்று தொடங்கியவர், பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் சைக்கிளுக்குச் சக்கர மோட்டர் பூட்டவும் பழகிக்கொண்டார்.

நாகலெட்சுமியின் சைக்கிளுக்கும் அவர்தான் பூட்டிக் கொடுத்தார். மலைமேல், தேயிலைத் தோட்டத்தின் மேக்கணக்கு லயங்களில் மாடு வைத்திருப்பவர்களிடம் பால் வாங்கி, டவுன் பால் சென்டருக்குக் கொண்டுவருவது அவள் வேலை. வெறும் கேனோடு ஏறுவாள், நிறைந்த கேனோடு இறங்குவாள்.

முதலில் பூட்டியது பல்சக்கரம் இல்லாத மோட்டர். அது சுற்றும் வேகத்தில்தான் சக்கரமும் சுற்றும். உள்ளே தடித்த கம்பி, குறைந்த சுற்று. நீர்த்தேக்கத்தை ஒட்டிய சமதரையில் பறந்தது. ஏற்றத்தில் திணறிச் சூடானது.

"பாலு காயுறதுக்கு முன்னாடி மோட்டரு காஞ்சிருதுங்க நானா" என்று வந்து நின்றாள்.

அதே மோட்டரில் மெல்லிய கம்பியைக் கூடுதலாகச் சுற்றலாம். வேகம் குறையும், அதே கரண்டுக்கு இழுவை கூடும். ஆனால் சுற்றி முடிக்க நாளாகும். உள்ளே பல்சக்கரம் வைத்த மோட்டரோ அலமாரியிலேயே இருந்தது. அது வேகமாகச் சுற்றும். பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து இழுவையாக்கும். ஏற்றத்துக்கு நல்லது. அன்று மாலையே மாற்றிக் கொடுத்தார்.

மலையில் எல்லோரும் ஏற்றத்தைத்தான் குறை சொல்வார்கள். இறக்கத்தைப் பற்றி அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பழைய மோட்டர், கைப்பிடி முறுக்கைத் தளர்த்தினால் சக்கரத்தைப் பிடித்து நிதானப்படுத்தும். அப்படி அமைத்தவர் அவரே. அந்தப் பிடியை நம்பித்தான் அவள் இறங்கிப் பழகியிருந்தாள். பல்சக்கர மோட்டர் பிடிக்காது. முறுக்கைத் தளர்த்தினால் சக்கரம் தன்பாட்டில் ஓடும். அதை அவர் சொல்ல மறந்துபோனார்.

மறுநாள் பாலோடு இறங்கும்போது கோயில் வளைவில் தேயிலைக்குள் போய் விழுந்தாள். பால் ரோட்டோரத் தண்ணீர்க் கானில் ஓடியது. டிக்கோயா ஆஸ்பத்திரியில், முறிந்த இடக்கைக்கு மாக்கட்டு.

நஸார் நானா தோடம்பழப் பையோடு அவள் லயத்துக்குப் போனார்.

"நல்ல சைக்கிளுங்க நானா. எனக்குத்தான் ஓட்டத் தெரியல, பயந்து தடுமாறிட்டேன். வித்துருங்கன்னு எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

"பிரேக்கக் கவனமாப் புடிக்கணும் தங்கச்சி." அவர் வாயில் வந்தது அவ்வளவுதான்.

வீட்டில் சோறு இறங்கவில்லை.

"மோட்டர் சுத்துற மாதிரி சோத்தச் சுத்துறீங்களே, என்ன?" என்றாள் மனைவி ரஸீனா.

சொன்னார்.

"அவ சைக்கிள வித்துட்டா ஒங்களுக்கு நிம்மதியோ?"

விடிந்ததும் மறுபடி லயத்துக்குப் போனார். பழைய மோட்டர் பிடிப்பதையும் புதியது பிடிக்காததையும் விளக்கினார்.

"ஒங்க மேல பிழையில்ல தங்கச்சி. நான்தான் சொல்லியிருக்கணும். நேத்தும் சொல்லாமப் போனேன்."

நாகலெட்சுமி கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொம்பளைக்கு எதுக்கு இந்த வெளையாட்டுன்னு லயமே கேட்டுச்சு. நானும் ஆமான்னு தலையாட்டுனேனே நானா."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"சைக்கிள விக்கல. பழைய மோட்டரையே நல்லாச் சுத்திப் போடுங்க. கட்டு அவுக்குற வரைக்கும் பால நீங்களே எறக்குங்க."

கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். தடித்த கம்பியை உருவி, மெல்லிய கம்பியைக் கூடுதல் சுற்றுகளாகச் சுற்றினார். பூட்டிய மறுநாளே மேக்கணக்கு ஏறினார். சைக்கிள் மெதுவாகத்தான் ஏறியது, ஆனால் நிற்கவில்லை.

இறங்கும்போதுதான் தெரிந்தது. நிறைந்த கேன்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து தள்ளின. மோட்டர் பிடித்துக்கொண்டிருந்தும் அவர் பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தபடியே வந்தார். இதே பாரத்தோடு, எதுவும் பிடிக்காத சக்கரத்தில் அவளை இறக்கிவிட்டிருந்தார்.

"என்ன நானா, இனி மோட்டர் கடையா பால் கடையா?" என்று பஸ்தரிப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பால் சென்டரில் கேன்களை இறக்கி வைத்த பிறகும், பிரேக் பிடித்த மாதிரியே விரல்கள் மடங்கிக் கிடந்தன.