கட்டுச்சோறு கொண்டுபோன ஞாயிறு

ஓட்டலில் ஒரு பண்டம் தீர்ந்துபோனால், அதை ஆர்டர் போட்டவரிடம் சொல்ல வேண்டியது யார் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. நடைமுறையில் அது பார்சல் எடுக்கப் போனவன் தலையில்தான் விழும். அன்றும் அப்படித்தான் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய திருப்பூர், ஞாயிறு மதியம் பிரியாணி வாங்கும். அன்றைக்கு என் முதுகுப் பையைத் திறந்தாலே பட்டை, கிராம்பு வாசம்தான் அடிக்கும். அதற்கு நடுவில் ஒரு சைவ மெஸ்ஸிலிருந்து தக்காளி, எலுமிச்சை, தேங்காய், புளி, தயிர் என்று ஐந்து வகைச் சோற்றுக்கு ஆர்டர் வந்தது. எனக்கே கொஞ்சம் விநோதமாக இருந்தது.

"புளிச்சோறு காலி. மத்ததக் குடுத்தரலாமான்னு கேளு" என்றார் கல்லாவில் இருந்தவர்.

போன் போட்டேன்.

"அண்ணா, புளிச்சோறு தீந்துருச்சுங்களாமா. மத்த நாலையும் எடுத்துட்டு வந்தரட்டுங்களா?"

"நாலா? நாலு ஆகாதுல்லா தம்பி. ஒத்தப்படையாத்தான் இருக்கணும்னு சொல்லுதாவ." தெற்கத்திப் பேச்சு. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "ஒண்ணு செய்யுங்க. பக்கத்துக் கடையில ஒரு சிக்கன் பிரியாணி வாங்கிச் சேத்துருங்க. அதுவும் சோறுதான?"

ஒற்றைப்படை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணா, இது கட்டுச்சோத்துக்குங்களா?"

"ஆமா, ஒங்களுக்கு அது தெரியுமா?"

தெரியாமல் என்ன? எங்கள் பக்கம் வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் பிறந்த வீட்டிலிருந்து விதவிதமான சோறு ஆக்கித் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். அது வந்து இறங்கினால்தான் அந்தப் பெண்ணுக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் கல்லூரியில் கடைசி வருஷம் படித்தபோது என் அக்காவுக்குக் கொண்டுபோனோம். தையல் மெஷினில் உட்கார்ந்து எனக்குக் கல்லூரிப் பணம் கட்டியவள் அவள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அதனாலேயே, "படிச்ச புள்ள முன்னால போகட்டும்" என்று பாத்திரத்தை என் கையில் கொடுத்தார்கள்.

"அண்ணா, கட்டுச்சோத்துல கவுச்சி சேத்த மாட்டாங்கங்க."

"அய்யோ, நல்லவேளை சொன்னீய. நான் தூத்துக்குடிப் பக்கம் தம்பி. எங்களுக்குக் கோயில்ல ஜெபம் பண்ணி வளையல் போட்டா முடிஞ்சுது. இத வீடியோ பாத்துத்தான் படிச்சேன்."

பிறகு அவராகவே சொன்னார், கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது போல. இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. பெண் தாராபுரத்துக்காரி. தறி நெய்து வந்த, முருகனைக் கும்பிடும் குடும்பம். கல்யாணத்துக்கு யாரும் வரவில்லை. ஆனால் அவள் அண்ணன் மட்டும், கட்டுச்சோறு நான் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். காலையில் அவரது போனுக்கு ஒரு வரி வந்தது. அப்பா விடவில்லை, வர முடியாது. அதோடு அவன் போனை அணைத்துவிட்டான்.

"அவளுக்கு இன்னும் தெரியாது. பொடவ கட்டிக்கிட்டு உக்காந்துருக்கா. லைன் வீட்டுப் பொம்பளைங்க பூராவும் வந்தாச்சு. அண்ணன் பஸ்ஸுல வந்துட்டு இருக்காம்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கா தம்பி."

நான் புளிச்சோற்றைத் தேடி இரண்டு தெரு தள்ளி ஒரு டிபன் கடைக்குப் போனேன். வழி மாறிப் போகிறாய் என்று போன் கத்திக்கொண்டே வந்தது.

அவர் தாராபுரம் ரோட்டில், அவர்கள் சந்து திரும்பும் இடத்திலேயே நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். காலடியில் புது எவர்சில்வர் தூக்குகள், தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. என் வண்டி சீட்டின் மேல் வைத்து, டப்பாக்களில் இருந்த சோற்றையெல்லாம் தூக்குகளுக்கு மாற்றினோம். எலுமிச்சைச் சோறு கொஞ்சம் சிந்திவிட்டது. எல்லாவற்றையும் துண்டில் சேர்த்து வைத்து, நான் முடிச்சுப் போட்டேன். எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"நான் தூக்கிட்டுப் போனா இது ஓட்டல் பார்சல்தான் தம்பி" என்றார். கையில் இருந்த பையிலிருந்து ஒரு டீசர்ட்டை எடுத்தார். கம்பெனியில் கழித்துப் போட்ட செகண்ட்ஸ் பீஸ். விலாப்பக்கம் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. மற்றபடி புத்தம் புதுசு.

நான் போட்டிருந்த டெலிவரி பனியனைக் கழற்றிச் சுருட்டி வண்டியில் வைத்துவிட்டு, அதை மாட்டிக்கொண்டேன்.

இந்த வேலையில் எத்தனையோ வாசல்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நிலைப்படியையும் தாண்டியதில்லை. அந்த ஒற்றை அறை வீட்டுக்குள் கால் வைத்தபோது, உள்ளே பாய்மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து அறை வடநாட்டுப் பெண், "பாயி ஆகயா, பாயி ஆகயா" என்று கை தட்டினாள். அண்ணன் வந்தாயிற்று என்கிறாள்.

நடுவில் பச்சைப் புடவையில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். அங்கே அவள் புருஷன் மட்டும் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது அவளுக்கு. கண் நிறைந்தது, ஆனால் வழியவில்லை. எனக்கு மூட்டையோடு அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று கேட்காமல் விட்டால், வருஷக்கணக்கில் பேச்சு வார்த்தை நின்றுபோகும். நான் அந்த ஒரு சொல்லுக்காக நின்றேன்.

"வாங்கண்ணா" என்றாள்.

"வர்றனுங்க" என்று மூட்டையை அவள் முன்னால் வைத்தேன்.

"ஏனுங்க, அண்ணன் தலை முடியெல்லாம் இப்படி அமுங்கிக் கெடக்குது, பஸ்ஸுல ஹெல்மெட்டு போட்டுட்டு வந்தாருங்களா?" என்றார் ஒரு அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அங்கே இருந்த யாருக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. யாரும் அதைப் பேசவும் இல்லை. வளையல் போட்டார்கள், பொட்டு வைத்தார்கள், முடிச்சை அவிழ்த்து ஒவ்வொரு தூக்கிலிருந்தும் ஒரு வாய் எடுத்து ஊட்டினார்கள்.

"ஊரு எதுங்கண்ணா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"குண்டடம் பக்கமுங்க."

"எங்கூருல இருந்து குண்டடந் தாண்டித்தான வரோணும்" என்றாள்.

அப்போது அவள் போன் அடித்தது. அவளுடைய அம்மா. ரகசியமாக எங்கோ ஒதுங்கி நின்று பேசுவது போலக் குரல் தேய்ந்து கேட்டது. அறை முழுக்க அமைதியாகிவிட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"கண்ணு, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டனுங்கம்மா. சோறு வந்துருச்சுங்க."

"சோறா? ஆரு கொண்டாந்தா?"

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணனுங்க."

பெற்ற மகன் வீட்டில் இருக்கிறான் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாதா? "அந்தக் கண்ணுகிட்டப் போனக் குடு" என்றார்.

வாங்கிக் காதில் வைத்தேன். அழுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"சாமி, ஆரு பெத்த புள்ளையோ. சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்கம்மா, எனக்கு வேலை இருக்குதுங்க, கெளம்போணும்."

"கட்டுச்சோறு கொண்டு போனவங்க வெறும் வவுத்தோட எந்திரிக்கக் கூடாது கண்ணு. உக்காந்து ரெண்டு வாய் தின்னுட்டுப் போங்க. அவளப் போடச் சொல்லுங்க."

எங்கள் வேலையில் பார்சலைத் தொடுவதே பாவம். வாசத்தைத் தூக்கிச் சுமக்கலாம், பசியோடு சுமக்கலாம், பிரிக்கக் கூடாது. நான் சுமந்து வந்த சோற்றை முதன்முதலாக உட்கார்ந்து தின்றேன். அவள் எழ வேண்டாம் என்று எல்லோரும் தடுத்தும் கேட்காமல், வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்து அவளே பரிமாறினாள். பாக்கெட்டில் அடுத்த ஆர்டர் அடித்து ஓய்ந்தது. "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்கண்ணா" என்றாள். போட்டுக்கொண்டேன். அம்மா சொன்னதைச் செய்துவிட்ட நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அவளும் வரிசையாக ஊட்ட வந்த கைகளை விட்டுவிட்டு, தானாகத் தட்டில் போட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள்.

"பாத்துப் போங்கண்ணா. தாராபுரம் ரோட்டுல லாரி சாஸ்தி. ஊட்டுக்குப் போனதும் அம்மாகிட்டச் சொல்லுங்க, எல்லாம் நல்லபடியா ஆச்சுன்னு."

"சொல்றனுங்க" என்றேன்.

வண்டியை எடுத்தேன். அடுத்து வந்த ஆர்டர் ஊருக்குள் இருந்தது, சந்து முனையில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அவள் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தாள். நான் இடப்பக்கம் திருப்பி, தாராபுரம் போகிறவன் போலக் கொஞ்ச தூரம் போய், வீடு மறைந்த பிறகு வளைந்து வந்தேன்.