கள்ளாட்டம் ஆட வந்த டைல்ஸ்காரர்கள்

அடுத்தவன் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பது ஒரு தொழில். அதற்குச் சம்பளமும் உண்டு. சூதாட்ட விடுதியில் கூரைக் கேமரா வழியாகக் கள்ளாட்டம் பிடிக்கிறவன் நான். கோவாவில் கப்பலில் பார்த்தேன். கொழும்பில் பார்த்தேன். ஓய்வு என்று உட்கார்ந்தவனை, எமிரேட்ஸில் கடலோரம் புதிதாக ஒன்று திறக்கப்போகிறோம், கேமரா பார்க்க வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கூப்பிட்டார்கள். வந்தேன். இதைப் படிக்கும் நீங்களும் கடையிலோ சைட்டிலோ ஏதோ ஒரு கேமராவுக்குக் கீழேதான் டூட்டி பார்ப்பீர்கள். மேலே இருப்பவன் பாடும் ஒன்றும் சுகமில்லை. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

ஆள் பிடித்தது

கள்ளனைப் பிடிக்கப் பழக வேண்டுமானால் கள்ளன் வேண்டும். வாசலே திறக்காத இடத்தில் கள்ளனுக்கு எங்கே போவது? ஆபீஸில் ஒரு யோசனை சொன்னார்கள். தரை வேலை முடிந்து சும்மா இருக்கும் டைல்ஸ்காரர்களை வாடிக்கையாளர் மாதிரி மேஜையில் உட்கார வைப்பது. அவர்கள் ஏமாற்ற வேண்டும், மேலே இருக்கும் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும்.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம். முழங்கால் மேல் பை வைத்த வேலைப் பேன்ட்டோடு அப்படியே வந்து நின்றார்கள். அதில் வேல்முருகன் என்று ஒருவன். வந்ததும் என்னிடம், "சார், எனக்கு வெள்ளிக்கிழமை ஃபிளைட். அதுவரைக்கும்தான் வருவேன்" என்றான். அக்கா மகளுக்குக் காது குத்து. ஒரே தாய்மாமன். அவன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். லீவு கிடைக்காமல் இரண்டு தடவை தள்ளிப்போட்டு, பிள்ளைக்கு இப்போது விவரம் தெரிகிற வயதாகிவிட்டது. இந்தத் தடவையும் போகாவிட்டால் அக்கா வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

சரி, ஏமாற்று என்றேன். சந்தேகமாகப் பார்த்தான்.

"சார், கேம்ப்ல சீட்டுக்கட்டு வச்சிருந்தாலே ஊருக்கு ஏத்திவிட்டுர்றாங்க. நீங்க ஏசி போட்டு உக்கார வச்சு ஏமாத்தச் சொல்றீங்க. பின்னாடி நான் சொல்லலைன்னு சொல்ல மாட்டீங்களே?"

பாடம்

மேஜையில் பணத்துக்குப் பதிலாக வட்டமாக ஒரு வில்லை வைப்பார்கள். சிப் என்பார்கள். சக்கரத்தில் உருளும் பந்து நின்ற பிறகு, ஜெயித்த எண்ணில் நைசாக ஒரு சிப்பைச் சேர்ப்பது கள்ளாட்டம். தோற்றதும் வைத்ததை உருவிக்கொள்வதும் கள்ளாட்டம். சீட்டில் நகக்குறி போடுவது, சீட்டுப் போடுகிறவளோடு கூட்டுச் சேர்வது, எல்லாம் உண்டு. ஜெயிக்கக்கூட வேண்டாம். ஏமாற்றும் எண்ணத்தோடு முயற்சி செய்தாலே குற்றம்தான். நான் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் சட்டம் அப்படித்தான். இதையெல்லாம் சொல்லிக் கொடுத்து, பந்து நின்றதும் ஒன்றைச் சேர்த்து வை என்று வேல்முருகனிடம் சொன்னேன்.

வைத்தான். சக்கரத்தைச் சுற்றும் பிலிப்பைன்ஸ் பெண் கிரேஸின் முகத்தைப் பார்த்தான். திரும்ப எடுத்துவிட்டான். மறுபடி வை என்றேன். மறுபடியும் அதே கதை. மேலே கேமராவில் பிள்ளைகள் குழம்பிவிட்டார்கள். வைத்தது குற்றமா, எடுத்தது குற்றமா என்று அங்கே ஒரு சண்டை. எனக்குப் பொறுக்கவில்லை. கிட்டே போய், என்னய்யா உன் பிரச்சினை என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு புதுசு சார். நான் ஏமாத்துனது அதுக்குத் தெரியலைன்னா அதைத்தானே திட்டுவீங்க?"

கேட்

வியாழக்கிழமை சாயங்காலம். வேலை முடிந்து போகிறவர்களை கேட்டில் சோதித்தார்கள். வேல்முருகனின் முழங்கால் பையில் ஒரு சிப். மேஜையில் வைப்பதற்கு வந்த அசல் சிப்.

செக்யூரிட்டி மேனேஜர் கோஷி, கோட்டயத்துக்காரர். நல்ல மனுஷன்தான், ஆனால் விதி விதிதான். சிப் கட்டிடத்தை விட்டு வெளியே போனால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். கேஸ் ஆகிவிட்டால், அது முடியும்வரை ஊருக்குப் போக முடியாது. மறுநாள் ஃபிளைட். வேல்முருகன் அழவில்லை, காலில் விழவில்லை. எப்படி வந்தது என்று தெரியவில்லை என்று மட்டும் சொன்னான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு, அக்காவுக்கு ஒரு போன் பண்ணிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். என்ன சொல்லப் போகிறாய் என்றேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

போலீஸுக்குச் சொல்லுமுன் ஒரு தடவை கேமராவைப் பார்த்துவிடலாம் என்று கோஷியிடம் சொன்னேன்.

"பார்க்கலாம் சாரே. ஆனா பிடிபட்டவன் எவனும், எனக்குத் தெரிஞ்சுதான் வந்துச்சுன்னு இதுவரை சொன்னதில்லை."

முழங்கால் பை

ஓட்டிப் பார்த்தோம். பக்கத்து ஆளின் முழங்கை தட்டி ஒரு சிப் கம்பளத்தில் விழுகிறது. வேல்முருகன் குனிகிறான். எடுக்கிறான். முழங்கால் பைக்குள் போடுகிறான். "எடுத்தல்லோ, எடுத்துட்டானே" என்றார் கோஷி.

கையைப் பார்க்காதீர்கள், கண்ணைப் பாருங்கள் என்றேன். திருடுகிறவன் கண் கையோடு போகும், இல்லாவிட்டால் யார் பார்க்கிறார்கள் என்று சுற்றும். இவன் கண் சக்கரத்தை விட்டு நகரவில்லை. கோஷி ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணை எல்லாம் போலீஸில் கொடுக்க முடியாது என்றார். நியாயம்தான். அன்றைக்குக் காலையிலிருந்து ஓட்டச் சொன்னேன். தரையில் ஒரு பேனா மூடி கிடந்தது. குனிந்தான், பைக்குள் போட்டான். ஒரு சட்டைப் பொத்தான், பைக்குள். சிப்புக்கு எப்படிக் குனிந்தானோ அப்படியே.

பையைக் கொட்டச் சொன்னேன். மூடி, பொத்தான், மிட்டாய்க் காகிதம், ஒரு தலைமுடி கிளிப். கூடவே குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் சிலுவைகள், ஒரு கைப்பிடி. இரண்டு டைல்ஸுக்கு நடுவில் இடைவெளிக்கு வைக்கிறது. ஒன்று தரையில் கிடந்து, அதன் மேல் புது டைல்ஸை வைத்து அழுத்தினால் கல் போச்சு. அதனால் தரையில் சின்னதாக எது கிடந்தாலும் எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். வருஷக்கணக்காகப் பழகிய கை. தலையைக் கேட்பதில்லை.

கள்ளாட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது, ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பது. அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் கை அசைவு. பாடத்தில் நான் சொன்னதுதான். கோஷி கேட்டுக்கொண்டார். கிரேஸ் எட்டிப் பார்த்துத் தன் கிளிப்பை எடுத்துத் தலையில் குத்திக்கொண்டாள். கோஷி சிப்பைத் தட்டில் போட்டார். மற்றதைப் பைக்குள்ளேயே அள்ளிப் போட்டார்.

"யல்லா, போய் பெட்டி கட்டு. இதுக்குக் கேஸ் போட்டா முதல்ல என் பொண்டாட்டி மேல போடணும். எங்க வீட்டுல தரையில கிடக்கிறதெல்லாம் அவ பர்ஸிலதான் இருக்கும்."

காது

ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. கன்ட்ரோல் ரூமுக்குள் போன் கூடாது. வராண்டாவில் நின்று பார்த்தேன். கோஷியும் வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

புது வேட்டியில் வேல்முருகன். மடியில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளை. ஒரு காது முடிந்துவிட்டது, அழுகை முடியவில்லை. பத்தர் அடுத்த காதுக்குக் கையைக் கொண்டுபோகிறார். வேல்முருகன் கண் பத்தர் கையில் இல்லை, பிள்ளை முகத்தில் இருக்கிறது. அவன் கண்ணிலும் தண்ணீர். பிள்ளை அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கிச் சொல்கிறது. கோஷி மறுபடி போடச் சொன்னார். போட்டேன்.

"மாமா, எனக்கு ஒரு காது போதும் மாமா. இன்னொண்ணு அப்படியே இருக்கட்டும்."

ஏமாற்றச் சொன்னாலும் ஏமாற்றத் தெரியாத ஆட்களை வைத்துக் கள்ளாட்டம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். இது சட்டத்தில் எந்தப் பிரிவில் வரும் என்று மட்டும் யாரும் இதுவரை என்னைக் கேட்கவில்லை.