ஒன்பது பேருக்கு ஐந்து அறை

அயோவா மாநிலத்துச் சிற்றூரான வில்லோ ஃபோர்க்கில், லுத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமைதோறும் ஒன்பது பெண்கள் கூடி, ஒட்டுத்துணிப் போர்வை தைப்பார்கள். தைத்தவை மூட்டை கட்டப்பட்டு எங்கோ தொலைதூரத்து அகதி முகாம்களுக்குப் போகும். எட்டுப் பேர் பேசிக்கொண்டே தைப்பார்கள். ஆர்லீன் ப்ராட்டன் தைத்துக்கொண்டே கேட்பாள்.

1998 ஜனவரியில் ஒரு நாள், பனி ஜன்னலைப் பாதி மூடியிருந்த காலையில், டோலரஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "சாகறதுக்குள்ள ஒரு தடவை சிகாகோவைப் பாத்துடணும்டி. சோளம் விதைச்சு முடிஞ்சதும், மே மாசக் கடைசியில போவோம். ஆம்பளைங்க வேணாம். நாம மட்டும்."

"நீ போயிட்டா உன் வீட்டுக்காரருக்கு யாரு சமைச்சுப் போடுவா?" என்றாள் கோரா.

"டின்னைத் திறக்க அந்த மனுஷனுக்குத் தெரியும். நாயோட டின்னைத் திறக்காம இருந்தா சரி."

சிரிப்பு அடங்கியதும் எல்லாக் கண்களும் ஆர்லீன் பக்கம் திரும்பின. தானியக் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் வாழ்நாளெல்லாம் தொலைபேசி எடுத்து ஓய்வு பெற்றவள் அவள். பேருந்து பேசுவது, ஓட்டல் பிடிப்பது, நாடகத்துக்கு டிக்கெட் வாங்குவது எல்லாம் அவள் தலையில்தான் விழும் என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் சிகாகோவுல இருந்திருக்கேன்," என்றாள் ஆர்லீன்.

"அப்படியா? ஸ்கூல்லேருந்து கூட்டிட்டுப் போனாங்களா?" என்று மேவிஸ் கேட்டாள். ஆர்லீன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், எலுமிச்சைக் கேக்கின் கடைசித் துண்டை எடுத்தது யார் என்று கோரா கேட்க, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

அவள் சொல்ல வந்தது சின்ன விஷயம்தான். இருபது வயதில் தட்டச்சு வேலை கிடைத்து ஒரு குளிர்காலமும் ஒரு வசந்தமும் அவள் அந்த நகரத்தில் இருந்தாள். பெண்கள் விடுதியில், ஒஹையோவிலிருந்து வந்த பெர்னிஸ் என்ற பெண்ணோடு ஒரே அறை. இரண்டு பேரும் ஒரே நல்ல கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் குளிரில் பல் கிட்டும்வரை நடப்பார்கள். பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அண்ணன் தன் குடும்பத்தோடு மின்னசோட்டாவில் இருந்தான். ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் ஆர்லீன் பெட்டியைக்கூட முழுக்கக் கட்டாமல் வந்தாள். அப்பா பதினோரு வருடம் படுக்கையில் கிடந்தார். அவருக்குப் பின் அம்மா. அம்மாவைப் புதைத்தபோது ஆர்லீனுக்கு ஐம்பத்தேழு வயது. பெர்னிஸின் கிறிஸ்துமஸ் வாழ்த்து அதற்கு ரொம்ப காலம் முன்பே நின்றுபோயிருந்தது.

இப்போது அந்த வீட்டில் சத்தம் போடுவது குளிர்சாதனப் பெட்டி மட்டும்தான். ஆகவே சிகாகோ ஏற்பாடு அவளுக்குப் பாரமாக இல்லை. தினமும் காலையில் காப்பியோடு தொலைபேசி அருகே உட்கார ஒரு காரணம் கிடைத்தது. நல்ல ஓட்டுநர் வேண்டும் என்று மூன்று பேருந்துக் கம்பெனிகளை விசாரித்தாள். டோலரஸுக்கு உப்பு ஆகாது, மேவிஸ் அடிக்கடி கழிப்பறை போக வேண்டும், கோராவுக்கு லிஃப்ட் என்றால் நடுக்கம். எல்லாவற்றுக்கும் வழி பார்த்தாள்.

ஓட்டலில் அறை பதிவு செய்கிறவர் பெயர் ரெஜினால்ட். கனமான, சிரிப்பு கலந்த குரல். நாலைந்து தடவை பேசியதும் அவருக்கு இவள் குரல் பழகிவிட்டது.

"அயோவாக்காரம்மாவா? வாங்க வாங்க. இன்னிக்கு யாருக்கு என்ன பயம்?"

"கோராவுக்குத்தான். அஞ்சாவது மாடிக்கு மேல வரமாட்டாளாம்."

"நாலாவதுல போட்டுடறேன். உங்களுக்கு எப்படி வேணும்?"

"எனக்கு எதுன்னாலும் சரிதான்."

"அப்படிச் சொல்றவங்க தலையிலதான், மிஸ் ப்ராட்டன், லிஃப்டுக்குப் பக்கத்து ரூமைக் கட்டிடுவாங்க. நீங்க வாயைத் தொறந்து கேளுங்க."

அவள் சிரித்தாள். காலையில் அந்த வீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு அவளுக்கே வியப்பாக இருந்தது. அதற்குப் பிறகு, கேட்கத் தேவையில்லாத இரண்டொரு விஷயங்களைக் கேட்பதற்காகவும் அவள் அந்த எண்ணைச் சுழற்றினாள். அவர் அதைக் கண்டுபிடித்திருக்கலாம். காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச்சில், அறைக்கு இரண்டு பேர், யார் யாரோடு என்று ஓட்டலில் கேட்டார்கள். வியாழக்கிழமை காப்பி நேரத்தில் ஆர்லீன் அதைச் சொன்னதும் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. டோலரஸும் மேவிஸும் நாத்தனார்கள், அவர்கள் ஒன்று. கோரா தன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளியில் சேர்ந்து வேலை பார்த்த இருவர் ஒன்று. எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஒன்று. பள்ளிக்கூட மைதானத்தில் ஆட்டத்துக்கு ஆள் பிரிப்பதுபோல் பிரிந்தார்கள். ஆர்லீன் கையில் காப்பிக் கூஜாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப, ஒன்பது பேருக்கு அஞ்சு ரூம்," என்றாள்.

"நாலு தானே?" என்றாள் மேவிஸ். பிறகுதான் எண்ணிப் பார்த்தாள். "அட, ஆமா. நீ ஒருத்தி இருக்கியே!"

"அவளுக்கென்ன, கொடுத்து வெச்சவ," என்றாள் டோலரஸ். "குறட்டை இல்ல, பாத்ரூமுக்குச் சண்டை இல்ல. உனக்குத் தனியா இருக்கறதுதானே ஆர்லீன் பிடிக்கும்? பழகிப்போச்சு உனக்கு."

"ஆமா, பழகிப்போச்சு," என்று சொல்லிவிட்டு ஆர்லீன் டோலரஸின் கோப்பையை நிரப்பினாள்.

டோலரஸ் கெட்டவள் அல்ல. அம்மா செத்தபோது ஒரு வாரம் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவள். மனதில் பட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். அந்த அறையில் இருந்த எட்டுப் பேரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள் என்பதுதான் ஆர்லீனை வீடுவரை துரத்திக்கொண்டு வந்தது. தனிமை அவள் விரும்பி வாங்கிக்கொண்ட பொருள் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது.

கிளம்ப ஒரு வாரம் இருக்கையில், முதுகு பிடித்துக்கொண்டது, பேருந்தில் உட்கார முடியாது என்று ஆர்லீன் சொல்லிவிட்டாள். முதுகுக்கு ஒன்றும் இல்லை.

"ஐயோ, அப்ப எங்களை யாரு கூட்டிட்டுப் போறது?" என்றாள் மேவிஸ். அவள் கேட்டது அது ஒன்றுதான். எங்கே இறங்க வேண்டும், எந்த வாசலில் நிற்க வேண்டும், யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஆர்லீன் அவளை உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள்.

பேருந்து புறப்பட்ட காலையில் கையசைத்துவிட்டு வந்து தக்காளி நாற்று நட்டாள். மண் இன்னும் சில்லென்று இருந்தது. சாயங்காலமும் அவள் தோட்டத்தில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. மேவிஸ் எங்காவது வழி தவறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

"மிஸ் ப்ராட்டன்? நான்தான், ரெஜினால்ட். உங்க ஆளுங்க எல்லாரும் பத்திரமா வந்து சேந்துட்டாங்க. நான் வேலை முடிஞ்சும் கிளம்பாம நின்னேன், உங்க முகத்தைப் பாக்கணும்னு. நீங்க வரலைன்னு சொன்னாங்க. ஒடம்புக்கு என்ன?"

ஆர்லீன் கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்தாள்.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்," என்றாள்.

"அப்ப இன்னொரு நாள் வாங்க," என்றார்.

எட்டுப் பேரும் திரும்பி வந்து கோடை முழுவதும் அந்தக் கதையையே சொன்னார்கள். கோரா லிஃப்டில் கண்ணை மூடிக்கொண்டு வேறு மாடியில் இறங்கியது, டோலரஸ் டாக்ஸிக்காரனோடு மல்லுக்கு நின்றது. ஆர்லீனுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தப் பொம்மை ஒன்று வாங்கி வந்திருந்தார்கள். கதையைச் சொல்லும்போது நடுநடுவே "உனக்குப் புரியாது, நீ அங்க இருந்திருக்கணும்" என்றார்கள்.

அக்டோபரில், ஊரே சோள அறுவடையில் மூழ்கி, காற்றெல்லாம் சருகுத் தூசியாக இருந்தபோது, அவள் பக்கத்து ஊருக்குக் காரில் போய், காரை அங்கேயே விட்டுவிட்டுச் சிகாகோ பேருந்தில் ஏறினாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒரே ஒரு அறையைத் தன் பெயருக்குப் பதிவு செய்திருந்தாள். வாய்திறந்து கேட்டு, ஏரி தெரியும் பக்கமாக.

ரெஜினால்ட் அன்று வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். குரலை வைத்து அவள் கற்பனை செய்த ஆஜானுபாகு அல்ல. ஒல்லியான, நரைத்த தலைக் கறுப்பர், மூக்கின் நுனியில் கண்ணாடி. பெயரைச் சொன்னதும் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்தார். "கடைசியில வந்துட்டீங்களே!" என்றார். அவளுக்குப் பின்னால் ஏதோ மாநாட்டுக்கு வந்தவர்கள் பெட்டிகளோடு வரிசையாக நின்றார்கள். யாரோ மணியைத் தட்டினார்கள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உள்ளே போனார். மறுநாள் அவருக்கு விடுமுறை. அதற்கு மேல் பேச வாய்க்கவில்லை. வழியெல்லாம் அவரிடம் சொல்ல என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தாள். அதையெல்லாம் சுமந்துகொண்டே அறைக்குப் போனாள். அங்கே இரண்டு கட்டில்கள் இருந்தன. ஒன்றில் கைப்பையையும் கோட்டையும் வைத்தாள்.

மறுநாள் அந்தப் பழைய பெண்கள் விடுதி இருந்த தெருவைத் தேடிப் போனாள். அந்த இடத்தில் கார் நிறுத்தும் கட்டடம் எழும்பியிருந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பசிதான் வந்தது. ஓர் உணவுக்கடையில் முக்காலியில் உட்கார்ந்து சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரைக்கு நடந்தாள். காற்று ஆளைத் தள்ளியது. ஸ்பானிய மொழி பேசிய இளம் தம்பதியர் தங்களைப் படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தாள்.

"உங்களை எடுக்கட்டுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எங்கிட்ட கேமரா இல்லம்மா."

"எங்களோடதுல எடுக்கறோம். விலாசம் குடுங்க, அனுப்பி வைக்கிறோம்."

கொடுத்தாள். அனுப்பமாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். நவம்பர் நடுவில் வந்தது. பின்னால் சாம்பல் நிற ஏரி; முன்னால் அவள், தலைமுடி பறக்க, ஒரு கையால் கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறாள்.

வியாழக்கிழமை அதை மேசையில், துணித் துண்டுகளுக்கு நடுவே வைத்தாள். மேவிஸ்தான் முதலில் பார்த்தாள். கை மாறி கை மாறிப் போயிற்று.

"இது சிகாகோவாச்சே! எப்பப் போன? யாருடி எடுத்தா?" என்றாள் டோலரஸ்.

"யாரோ. எனக்குத் தெரியாதவங்க."

"தனியாவா போன? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களும் வந்திருப்போமே!" டோலரஸின் குரலில் உண்மையாகவே மனத்தாங்கல் இருந்தது.

ஆர்லீன் அவளை நிமிர்ந்து பார்த்தாள். மே மாதம் ஏன் வரவில்லை என்று சொல்லலாமா என்று ஒரு கணம் இருந்தது. பிறகு கையை நீட்டிப் படத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, நீல நூலை ஊசியில் கோக்க ஆரம்பித்தாள்.