ஓக் மரத்தில் கட்டிய தூளி

டெக்சாஸில் ஒரு சின்ன ஊர்ப் பூங்காவுக்குப் பிக்னிக் போயிருந்தோம். ஆறு மாதப் பையன் ஸ்ட்ரோலரில் தூங்காமல் அழுதான். "தூளி கட்டுங்க, தூங்கிடுவான்" என்றாள் மனைவி. காரிலிருந்த கயிற்றை ஓக் மரக்கிளையில் வீசி, முடிச்சுப் போட்டு, தொங்கிப் பார்த்தேன்.

திரும்பினால், என் வயதுக் கறுப்பினப் பெண் ஒருவர். கையில் காலி கண்ணாடி ஜாடி.

"கயிறு எதுக்கு?"

"குழந்தை தூங்க" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "இந்தக் கிளையிலதான் எங்க தாத்தாவோட அண்ணனை வெள்ளைக்காரக் கூட்டம் தூக்குல தொங்கவிட்டுது. விசாரணையே கிடையாது. அவர் நினைவா மண் எடுக்க வந்தேன்."

பதினோரு வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன். கிரீன் கார்டு நிலவரம் விரல் நுனியில், இது தெரியாது. வெட்கத்தோடு முடிச்சை அவிழ்க்கப் போனேன்.

"அவிழ்க்காதீங்க. குழந்தை தூங்கட்டும்."

மனைவி விரிப்பாகக் கொண்டுவந்திருந்த சேலையைக் கயிற்றில் கட்டிப் பையனைக் கிடத்தினாள். அவர் மண்டியிட்டு ஜாடியில் மண் நிரப்பினார். பிறகு எழுந்து வந்து, கிளையை அண்ணாந்து பார்த்தபடியே தூளியை ஆட்டினார். பையன் தூங்கிவிட்டான்.

நானாக இருந்தால் அந்தக் கயிற்றை அறுத்து எறிந்திருப்பேன்.

சேலையில் அவருடைய விரல்கள் பதிந்த மண்கறை இருக்கிறது. இன்னும் துவைக்க மனசு வரவில்லை.