பிரிக்காத மாத்திரைப் பெட்டி

அலென்தேஜு வட்டாரத்தில் உள்ள எங்கள் ஊர் மருந்துக்கடையில் தெயொலிந்தா இருபத்தாறு வருடமாக நிற்கிறாள். பட்டம் கிடையாது, கவுன்டர் வேலைதான். வாய் மட்டும் முதலாளி வாஸ்கோவுக்குச் சமம். பக்கத்துக் கவுன்டரில் நிற்கும் நான் அதைச் சந்தோஷமாகவே சொல்கிறேன்.

தீர்ந்துபோன மருந்துப் பெட்டிகளைக் கடையிலுள்ள தொட்டியில் கொண்டுவந்து போடுவது இங்கே வழக்கம். தக்கை மரத்தில் பட்டை உரித்தே காலம் தள்ளிய பெல்மீருவும் மனைவி அல்பெர்த்தினா இறந்தபின் மாதாமாதம் வருவார். எழுபத்தொன்பது வயது. போன செவ்வாய் அவர் போட்ட பெட்டி 'தொப்'பென்று விழுந்தது.

"ஐயா, காலிப் பெட்டி இப்படி விழாது," என்றாள் தெயொலிந்தா.

தொட்டிக்குள் யாரும் கை விடக்கூடாது. அதனால் அவரை ஓரமாக உட்காரவைத்துக் கேட்டாள். மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிய மாத்திரை. மூன்று மாதமாகப் பெட்டியைப் பிரிக்கவே இல்லையாம்.

"பின்ன ஏன் வாங்குனீங்க?"

"வாங்கலன்னா நீ என் பொண்ணுக்குப் போன் போடுவ."

"போடுவேன்தான்."

"அல்பெர்த்தினாவுக்காக அழறத மாத்திரை போட்டு நிறுத்தணுமா? அவளுக்குச் செய்யற துரோகம் அது."

"நல்லா அழுங்க. அழுகைய நிறுத்துற மாத்திரை இல்ல இது. அழறதுக்கும் தெம்பு வேணும்ல?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "செத்துடலாம்னு தோணுதா?"

அவர் தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"காலையில கண்ணு முழிக்காம இருந்தா நல்லாயிருக்கும்னு தோணுது."

"எந்திரிங்க, இப்பவே டாக்டரப் பாக்கலாம்."

"நாளைக்குப் போறேனே."

"நாளைக்குக் கண்ணு முழிக்கலன்னா?"

வாஸ்கோ உள்ளிருந்து வந்தார். "தெயொலிந்தா, வரிசை நிக்குது. நம்ம வேலை மருந்து கொடுக்கறது."

"கொடுத்தேனே சார். மூணு மாசமா தொட்டிக்குத்தான் போச்சு."

"வாசலத் தாண்டினா திரும்பி வராத."

"வருவேன். மருந்துச் சீட்டோட வருவேன்."

எதிரே இருந்த சுகாதார நிலையத்துக்கு அவரைக் கைப்பிடித்து அழைத்துப் போனாள். வரிசையில் முதலில் நின்ற இதலீனா கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அவ வரட்டும், வாங்கிக்கறோம்." வரிசையிலிருந்த ஏழு பேரும் தலையாட்டினார்கள். நானும் அசையவில்லை. முதலாளி முகத்தைப் பார்க்க வேண்டுமே, அத்தனை திருப்தி எனக்கு.

ஒரு மணி நேரம் கழித்து இருவரும் வந்தார்கள். தெயொலிந்தா நேராகத் தன் கவுன்டருக்குப் போனாள், முதலாளி தடுக்கவில்லை. பெல்மீரு சீட்டோடு வரிசையின் கடைசியில் போய் நின்றார். இதலீனா எழுந்து இடம் விட்டாள். "முன்னால வாங்க ஐயா."

"இருக்கட்டும்மா," என்றார். "எனக்கு இப்ப அவசரமில்ல."