குல்லா போட்ட கார்புரேட்டர்

மலையில் எஞ்சின் ரிப்பேர் கடையில் குப்பை கொட்டும் என் சக கைகறுத்தவர்களே, நம்மிடம் வருகிற வண்டிகளில் பாதிக்கு நோயே கிடையாது, வெறும் மூச்சுத்திணறல்தான்! காற்றையும் பெட்ரோலையும் அளவாய்க் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற கார்புரேட்டர் சிணுங்கினால் நம் சோலி ஆரம்பம். மலைமேல் அட்டுவம்பட்டியில் இருக்கும் கடை என் அக்காவுடையது. வாய் மட்டும் என்னுடையது. மனுசக் குரலோ எஞ்சின் சத்தமோ, ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே வந்துவிடும்.

வயிறு நிறைந்த பைக்

பழனியிலிருந்து பழைய பைக்கில் ஏறிவந்தவர் கரும்புகையோடு நின்றார். மேலே வர வர காற்று மெலியும். ஜெட் என்கிற ஊசித்துளை மட்டும் கீழே விட்ட அதே பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். இதை நான் கார்புரேட்டர் குரலில், மூக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கினேன்: "சாமீ, போதும்யா, கொஞ்சம் காத்து குடுங்க!" அக்கா சின்ன ஜெட் மாட்டினாள். புகை நின்றது. அவர் சொன்னார்: "போதும்னு சொல்ற ஆள எங்க வம்சத்துலயே பாத்ததில்லம்மா. என் வண்டியாச்சும் சொல்லுதே!"

இருமிய ஜெனரேட்டர்

லாட்ஜ் மேனேஜர் ஜெனரேட்டரோடு வந்தார். அக்கா கயிற்றை இழுத்தாள். ஜெனரேட்டருக்குப் பின்னால் பதுங்கியிருந்த நான், அது ஓடுகிற மாதிரியே "டுர்ர்ர்ர்!" என்றேன். மேனேஜர் முகமெல்லாம் பல். பாழாய்ப்போன இருமல் எனக்கு வந்தது, ஜெனரேட்டரும் இருமியது, குட்டு உடைந்தது! டேங்க் குழாயைத் திறக்காததால் கார்புரேட்டர் கிண்ணத்தில் சொட்டுப் பெட்ரோல்கூட இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அக்கா கயிற்றைக் கீழே போட்டாள்: "நாளைக்கு வெள்ளனே பழனி பஸ் ஏறு. அங்க சித்தப்பா கடையில பஞ்சாமிர்த டப்பாவுக்கு மூடி போடு."

கவுஞ்சியிலிருந்து ஃபோன்

மறுநாள் காலை. பை கட்டியாயிற்று, எஞ்சினே இல்லாத கடையை நினைத்து எனக்கு அழுகை முட்டுகிறது. அப்போது கவுஞ்சியில் உருளைக்கிழங்கு போடுகிற மாரியப்பன் மாமா ஃபோனில் அலறினார். உருளைச் செடியில் கருகல் நோய்; பனிமூட்டம் இறங்குவதற்குள் மருந்தடிக்காவிட்டால் உருளைக்காடு மொத்தமும் போச்சு; எஞ்சின் வைத்த ஸ்பிரேயர் நின்று நின்று போகிறது.

ஃபோன் ஸ்பீக்கர் செத்து மாதமாகிறது. அக்கா கையெல்லாம் பெட்ரோல். நான் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் ஸ்பிரேயர் போட்ட சத்தத்தை அப்படியே வாயில் ஓட்டினேன்: "டுர்ர்... டுர்... க்ளக்... ஹ்ஹ்."

அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். "இன்னொருக்கா."

"டுர்... க்ளக்... ஹ்ஹ்."

"பெட்ரோல் போகுது, காத்து போகல. காத்து போற வாயில என்ன கெடக்குன்னு கேளு."

கேட்டேன். மாமா மெதுவாகச் சொன்னார்: "என் குல்லாத்தான்."

மூட்டத்தில் எஞ்சினுக்குச் சளி பிடிக்கக் கூடாதென்று மாமா தன் கம்பளிக் குல்லாவை ஏர் ஃபில்டரில் மாட்டியிருந்தார். ராத்திரி மழையில் அது ஊறிக் கெட்டியாகிவிட்டது. "வெரசா கழட்டுங்க மாமா!" கழற்றினார், கயிற்றை இழுத்தார். காது கிழியும்படி உறுமல்! அதையும் விடாமல் வாயில் ஓட்டிக் காட்டினேன். அக்கா என் பையைத் தூக்கி உள்ளே எறிந்தாள்: "பஞ்சாமிர்த டப்பாவுக்கு மூச்சு முட்டப்போறதில்ல. இங்கனயே கெட."

ஆகவே நண்பர்களே, காற்றும் பெட்ரோலும் அளவாயிருந்தால் எஞ்சின் ஓடும். வாயும் அளவாயிருந்திருந்தால் நான் இந்நேரம் பழனியில் மூடி போட்டுக்கொண்டிருப்பேன்.