பாண்டீஸ்வரி அடுக்குன ரூமு

அவனியாபுரத்துல இருந்து ஏர்போர்ட்டு போற ரோட்டுல ஒரு மாட்டாஸ்பத்திரி இருக்கு. பிரைவேட்டு. போர்டுல நாய், பூனை, கிளின்னு வண்டி வண்டியாப் படம் போட்டிருக்கும், ஆனா வாரது முக்காவாசி மாடுதான். அதுக்கு எதுக்க இருக்குற வேப்பமரத்தடியிலதான் என் ஷேர் ஆட்டோ நிக்கும். ஆள் சேருற வரைக்கும் சும்மா ஒக்காந்திருக்கணும்ல? அதனால உள்ள எந்த மாட்டுக்கு என்ன சீக்கு, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லைங்கிறதெல்லாம் டாக்டரை விட எனக்கு நல்லாத் தெரியும்.

அங்கதான் எங்க பாண்டீஸ்வரி மதினி வேலை பாக்குது. எங்க பெரியப்பா மகன் முத்திருளனோட பொண்டாட்டி. அண்ணன் ஜல்லிக்கட்டுக் காளை வளக்குறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. காளைக்குத் தண்ணி காட்டுறது, தவிடு கலக்குறது, சாணி அள்ளுறது எல்லாம் மதினிதான். வீட்டுல கருப்புன்னு ஒரு காளைக்குச் சாணி அள்ளிட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்து ஊரு மாட்டுக்கெல்லாம் சாணி அள்ளும். "மதினி, ஒனக்கு ஞாயித்துக்கிழமை லீவாவது உண்டா?"ன்னு கேட்டா, "மாடு ஞாயித்துக்கிழமை வெளிக்கிப் போகாதா கொழுந்தனாரே?"ன்னு கேக்கும். வாயி அப்படி.

மதினிக்கு ஒரே ஒரு ஆசைதான். கம்பவுண்டர் ஆகணும். அங்க கம்பவுண்டர்னா ஒரு வெள்ளைக் கோட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான். ஆனா வெளக்கமாத்தப் பிடிச்சுக்கிட்டே அந்த நாற்காலியப் பாத்தவளுக்குத்தான் அது எம்புட்டு ஒசரம்னு தெரியும்.

மொதல்ல அந்த நாற்காலியில இருந்தவரு முத்துக்கருப்பன் அண்ணன். ஸ்டோர் ரூமு சாவி அவரு அரணாக்கயித்துல தொங்கும். உள்ள என்ன எங்க இருக்குன்னு அந்த மனுசனுக்கும் சாமிக்கும்தான் தெரியும். கன்னு இழுக்குற செயின் சிமெண்டுச் சாக்குல கெடக்கும். குளம்பு சீவுற கத்தி பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல நிக்கும். நாய்க்கு மாட்டுற வாய்க்கூடு குடைக்குள்ள இருக்கும். டாக்டர் சவுந்தரராஜன் கைய நீட்டுனா அண்ணன் உள்ள போயி எதையோ உருட்டுவாரு, சாமான் வந்து கையில உக்காரும். ஒரு நா டாக்டர் கோவத்துல, "ஒரு ஒழுங்கா அடுக்கி வச்சா என்ன முத்துக்கருப்பா?"ன்னாரு. "அடுக்குனா கெட்டுரும் சார்"னாரு அண்ணன். அடுக்குனா எப்பிடிய்யா கெட்டுப்போகும்னு நான் சிரிச்சேன். இப்ப நெனச்சா சிரிப்பு வரல.

முந்தின வருசம் ஒரு நா காலைல பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தவரு அப்படியே சரிஞ்சிட்டாரு. மாரடைப்பு. அன்னைக்கு மத்தியானமே பால்கார ரெங்கம்மா தன்னோட பசுவ மினி வண்டியில ஏத்திக்கிட்டு ஓடியாருது. ரேசன் அரிசிச் சோத்த அள்ளித் தின்னுட்டு வயிறு ஊதி, இடது பக்கம் மேளம் மாதிரி நிக்குது. வயித்துல குத்தி காத்த எறக்குற ஊசி ஒண்ணு இருக்கு, நல்ல தடிமனா. அதைக் குத்துனா மாடு பொழைச்சிரும். ஊசி எங்க? டாக்டர் பூட்ட ஒடச்சு ரூமுக்குள்ள போயி டப்பாவ எல்லாம் கவுத்துறாரு. கெடைக்கல. வேற வழியில்லாம கார எடுத்துக்கிட்டு எழவு வீட்டுக்கே போயிட்டாரு. அங்க பொணத்தக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்காக. இவரு முத்துக்கருப்பன் அண்ணன் பொண்டாட்டிகிட்டப் போயி, "ஏம்மா, குத்துற ஊசிய எங்க வச்சேன்னு ஏதாச்சும் சொன்னாராம்மா?"ன்னு கேட்டிருக்காரு. அந்தம்மா ஒப்பாரிய நிப்பாட்டிட்டு இவரையே பாத்துச்சாம். எங்க ஏரியாவுல அதை வச்சே மூணு மாசம் சிரிச்சாக.

மதினி சிரிக்கல. டாக்டர் திரும்பி வார வரைக்கும் அந்தப் பசுவோட தலைய மடியில வச்சுக்கிட்டு இருந்தது அதுதான். மடியிலயே உசுரு போயிருச்சு. ரெங்கம்மா மண்ண வாரித் தூத்துது, "செத்தவன் தனியாப் போனானா, என் மாட்டையும்ல கூட்டிட்டுப் போயிட்டான்!"னு.

காரியம் எல்லாம் முடிஞ்சு ரூமக் கூட்டப் போனப்ப அந்த ஊசி கெடைச்சுச்சு. தீவாளி லட்டு டப்பாவுக்குள்ள, வேட்டித் துணியில சுத்தி வச்சிருக்காரு மனுசன். மதினி அதைக் கொண்டு போயி டாக்டர் மேசையில வச்சு, "சார், ரூம எங்கிட்ட விடுங்க. நான் அடுக்குறேன்"னுச்சு.

டாக்டர் கெட்டவரு இல்ல. திருநகர்ல வீடு, கவருமெண்டு வேலையில இருந்து ரிட்டயர் ஆகி இந்த ஆஸ்பத்திரியப் போட்டாரு. யாரையும் வாடா போடான்னு பேச மாட்டாரு. "நல்லா அடுக்கிக் குடும்மா. ஆயுத பூஜைக்குக் கத்திரி ஒன் கையிலதான்"னு சொல்லிட்டாரு.

அந்தக் கத்திரி விசயம் என்னன்னா, ஆயுத பூஜை அன்னைக்கு ஆஸ்பத்திரி சாமான் எல்லாத்தையும் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, பொரி கடலையோட சாமி முன்னாடி பரப்பிருவாக. மறுநா காலைல டாக்டர் பெரிய கத்திரிய எடுத்து கம்பவுண்டர் கையில குடுப்பாரு. அதை வாங்குறவருதான் கம்பவுண்டர். ஆர்டரு கீர்டரு எல்லாம் கெடையாது, அதான் ஆர்டரு.

மதினி ரூமுக்குள்ள எறங்குச்சு பாருங்க, பொங்கலுக்கு வீடு ஒதுங்க வைக்கிற மாதிரி. சாக்கு, பாட்டில், ஒடஞ்ச குடை எல்லாம் வாசலுக்கு வந்துச்சு. தேதி முடிஞ்ச மருந்து மட்டும் ரெண்டு மூட்டை. தடுப்பூசி வைக்கிற ஃப்ரிட்ஜுல இருந்து டாக்டரம்மா குடுத்து விட்ட தயிரு வந்துச்சு, யாரோ வச்ச மல்லியப்பூ வந்துச்சு, என் தண்ணி பாட்டிலும் வந்துச்சு. "மதினி, அது என் பாட்டிலு"ன்னேன். "ஒனக்கு வெறிநாய்க்கடி ஊசி போடணும்னா உள்ள வையி, இல்லைன்னா தூக்கிட்டுப் போ"ன்னுச்சு.

அடுக்குனதுலயும் ஒரு கணக்கு. கத்தி எல்லாம் ஒரு பக்கம், கயிறு எல்லாம் ஒரு பக்கம்னு வைக்கல. "சாம்பாருக்கு வேண்டியதெல்லாம் ஒரு தட்டுல எடுத்து வச்சுக்கிட்டுத்தான அடுப்பப் பத்த வைக்கிறோம்?"னு சொல்லிட்டு, ஒரு சீக்குக்கு ஒரு பிளாஸ்டிக் டப்புன்னு பிரிச்சிருச்சு. கன்னு போடுற மாட்டுக்குச் செயினு, நீளக் கையுறை, வழுக்குற எண்ணெய் எல்லாம் ஒரே டப்புல. வயிறு ஊதுன மாட்டுக்கு குத்துற ஊசி, வாயில விடுற டியூபு, வாயப் பிளந்து நிப்பாட்டுற கட்டை எல்லாம் ஒரு டப்புல. குளம்புக்கு ஒண்ணு, நாய்க்கு ஒண்ணு.

மதினிக்குத் தமிழு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், இங்கிலீசு தெரியாது. அதனால டப்பு மேல படம் போட்டுச்சு. எதை வச்சு? பொங்கலுக்குக் கருப்போட கொம்புக்கு அடிச்ச பெயிண்டு மிச்சம் இருந்துச்சுல்ல, அதை வச்சு. செவப்புப் பெயிண்டுல ஒரு டப்பு நிறைய வயிறு ஊதுன மாடு ஒண்ணு. நாலு காலும் தீக்குச்சி மாதிரி, மேல பூசணிக்கா. நீலத்துல வரைஞ்ச டப்புல கன்னுக்குட்டிக் காலு ரெண்டு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். அந்தப் பூசணிக்கா வயித்த மொதத் தடவை பாத்தப்ப, "மதினி, இது மாடா, முத்திருளன் அண்ணனா?"ன்னு கேட்டேன். பிரஷைத் தூக்கி எறிஞ்சுச்சு. ஆனா சத்தியமாச் சொல்றேன், அந்த ரூமுக்குள்ள நான் போனாக்கூட எதுவும் கேக்காம எடுத்துக் குடுப்பேன். அம்புட்டுத் தெளிவு.

அதான் எனக்கு உறுத்துச்சு. நான் ரோட்டுல பொழைக்கிறவன். "மதினி, எல்லாத்தையும் இப்படிப் பளிச்சுன்னு வைக்காத. ஒண்ணு ரெண்டையாச்சும் ஒனக்கு மட்டும் தெரியுற எடத்துல வையி. எல்லாருக்கும் வெளங்கிட்டா நீ எதுக்கு?"ன்னேன்.

"முத்துக்கருப்பன் அண்ணன் மாதிரியா?"

"அவரு சாகுற வரைக்கும் நாற்காலியில இருந்தாருல்ல?"

"ரெங்கம்மா மாடு என் மடியில நாக்கத் தள்ளிக்கிட்டுக் கெடந்துச்சு. நீ ரோட்டுல நின்னு வேடிக்கை பாத்த. போய் வண்டிய எடு."

இந்த எடத்துல கார்த்திகேஷுன்னு ஒருத்தன் வாரான். டாக்டரோட அக்கா மகன். பி.காம்ல ரெண்டு பேப்பர் நிக்குது, வீட்டுல சும்மா இருந்தா அம்மாகாரி திட்டுதுன்னு மாமா ஆஸ்பத்திரியில டோக்கன் போட வந்தான். தங்கமான பையன். போனு மட்டும் கையில ஒட்டியிருக்கும், பிரிக்க ஆப்பரேசன்தான் பண்ணணும். மதினிய "அக்கா, அக்கா"ம்பான்.

ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் இருக்கப்ப மதினி காய்ச்சல்னு ஒரு நா வரல. அன்னைக்குன்னு பாத்து அழகுபாண்டி தன் மாட்டக் கொண்டாராரு. அதே வயித்து உப்புசம். மாடு நிக்க மாட்டாமத் தள்ளாடுது. டாக்டர் கத்துறாரு, கார்த்திகேஷு ரூமுக்குள்ள ஓடுறான். பூசணிக்கா வயித்தப் பாத்தான், செவப்பு டப்பத் தூக்குனான், கொண்டாந்து வச்சான். டாக்டர் குத்துனாரு. புஸ்ஸுன்னு காத்து எறங்குற சத்தம் என் ஆட்டோ வரைக்கும் கேட்டுச்சு. மாடு தலைய ஒதறிக்கிட்டு நின்னுருச்சு. அழகுபாண்டி அந்தப் பையனக் கட்டிப் பிடிச்சு அழுகுறாரு, "தம்பி, நீ நல்லா இருப்ப தம்பி!"ன்னு. டாக்டரும் அவன் தோள்ல தட்டுறாரு. படம் வரைஞ்சவ அங்க வீட்டுல கம்பளியப் போத்திப் படுத்திருக்கா.

மறுநா மதினி வந்துச்சு. விசயத்தச் சொன்னேன். மூஞ்சி அப்படியே மலந்துருச்சு. "பாத்தியா! நான் இல்லாதப்பவும் என் ரூமு வேலை பாத்திருக்கு!"ன்னு சொல்லிச் சிரிக்குது. அதுக்குச் சந்தோசம் வந்த அதே எடத்துலதான் அதோட வேலைக்கு வேட்டுன்னு எப்படிச் சொல்றது?

ஆயுத பூஜை வந்துச்சு. மதினி சாமான் எல்லாத்தையும் புளி போட்டு வெளக்கி, கொதிக்க வச்சு, சந்தனம் வச்சது. மறுநா காலைல மஞ்சச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வச்சுக்கிட்டு வந்து நிக்கிது. முத்திருளன் அண்ணனக்கூட சட்டை போட வச்சுக் கூட்டியாந்திருந்துச்சு. டாக்டர் சூடம் காட்டுனாரு. மாமாவும் மருமகனும் அவுக வீட்டுப் பாஷையில என்னமோ ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டாக. சௌராஷ்டிரம் நமக்கு எங்க புரியுது? பையன் தரையப் பாத்தான். டாக்டர் கத்திரிய எடுத்து அவன் கையில குடுத்துட்டாரு.

குடுத்துட்டு மதினிகிட்ட வந்து, பையச் சொல்றாரு: "தப்பா எடுத்துக்காதம்மா. இவனுக்கு இங்கிலீஷு தெரியும், மருந்துப் பேரு வாசிப்பான். ரூமத்தான் நீ அருமையா அடுக்கிட்டியே, இனிமே யாரு வேணாலும் பாத்துக்கலாம். ஆனா சுத்தபத்தமா வேலை செய்ய ஒன்ன மாதிரி ஆள் கெடைக்குமா?" ஒரு சேலைப் பொட்டலத்தையும் பொரிக் கவரையும் கையில வச்சாரு. பாராட்டித்தான் சொன்னாரு. அதுதான் கொடுமை. அவரு சொந்தத்துக்குக் குடுத்தாருன்னு நான் குத்தம் சொல்ல மாட்டேன், நான் ஓட்டுற வண்டியே மச்சினன் வண்டிதான்.

மதினி பொட்டலத்த நாற்காலியில வச்சுட்டு ரூமுக்குள்ள போயி தாப்பாப் போட்டுருச்சு. உள்ள கரக்கு கரக்குன்னு சத்தம். எனக்குள்ள ஒரு குரூர சந்தோசம், எல்லாத்தையும் கவுத்துக் கலந்து விடுதுன்னு. டாக்டர் கதவத் தட்டி, "என்னம்மா பண்ற?"ங்கிறாரு. "கழுவுறேன் சார்"னு உள்ள இருந்து பதிலு.

வெளிய வந்தப்ப நகக்கண்ணெல்லாம் செவப்பும் நீலமும். எட்டிப் பாத்தேன். படம் எல்லாத்தையும் குளம்புக் கத்திய வச்சுச் சுரண்டி எடுத்திருந்துச்சு. கொம்புக்கு அடிக்கிற பெயிண்டு லேசுல போகாது, டப்பே கீறிப் போச்சு. ஆனா உள்ள ஒரு சாமான் எடம் மாறல. ஊசி ஊசி இருந்த எடத்துல, செயினு செயினு இருந்த எடத்துல.

"ஏன் மதினி, கலைச்சு விட்டுருக்க வேண்டியதுதான?"

"மாடு என்னய்யா பண்ணுச்சு என்னைய?"

கார்த்திகேஷு டப்பப் பாத்தான். அவனுக்கும் சங்கடந்தான். ஆறுதல் சொல்றோம்னு நெனச்சுக்கிட்டு, "பரவால்லக்கா, எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன்"னான். மதினி அவனப் பாத்த பார்வைய நான் வேற யாரு மூஞ்சியிலயும் பாத்ததில்ல.

அடுத்த வாரமே கடையில குடுத்து இங்கிலீசுல ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிட்டான். போட்டோவுல இருந்த மாதிரியே விட்டிருந்தாக்கூடப் பரவால்ல. நெட்டுல எதையோ பாத்துட்டு, ஏ பி சி டி வரிசையில சாமானையும் டப்பையும் மாத்தி அடுக்கிட்டான். பளபளன்னு இருக்கு. வாரவுக எல்லாம் பாராட்டுறாக.

இப்ப மதினி சாமானக் கழுவி, கொதிக்க வச்சு, தட்டுல தூக்கிக்கிட்டு அந்த வாசல்ல வந்து நிக்கிது. தான் அடுக்குன ரூமு. உள்ள போயி ஒவ்வொரு டப்பு மேலயும் மொகத்த வச்சுப் பாக்குது. பெறகு வெளிய எட்டி, "தம்பி, இது எதுலப்பா வைக்கணும்?"னு கேக்குது. அவன் போன விட்டுக் கண்ண எடுக்காம, "மேல் வரிசையிலக்கா, பி போட்டது"ங்கிறான். பி எதுன்னு அதுக்குத் தெரியாது. அவனே எந்திரிச்சு வந்து காட்டுற வரைக்கும் தட்டோட நிக்கும்.

ரூமு செவத்துல முத்துக்கருப்பன் அண்ணன் போட்டோ மாட்டியிருக்காக. போன வெள்ளிக்கிழமை மதினி தன் தலையில இருந்த பூவுல ஒரு கிள்ளு கிள்ளி அந்த போட்டோவுல சொருகுறதப் பாத்தேன். ரெங்கம்மா மாடு செத்ததுல இருந்து அந்த மனுசனத் திட்டாத நாள் இல்ல. "என்ன மதினி, திடீர்ப் பாசம்?"னேன்.

"வெவரமான மனுசன் கொழுந்தனாரே. அடுக்குனா கெட்டுரும்னு அன்னைக்கே சொன்னாரு. எனக்குத்தான் ஏறல"ன்னுச்சு.

அதுக்குள்ள டாக்டர் கூப்புட்டாரு, "பாண்டீஸ்வரி, இங்க ஒரு மாடு கழிஞ்சு வச்சிருக்கு பாரும்மா." மதினி சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு வாளியோட போச்சு.